மலைப்பாதைக்கு டிக்கெட் எதற்கு? குரங்கணியில் 23 உயிர் போன பிறகும் தீராத கேள்வி

சென்னையில் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துவிட்டால், கிளாம்பாக்கத்தில் இருந்து தெற்கே போகும் பஸ்களில் ஒரு புதுக்கூட்டத்தைப் பார்க்கலாம். முதுகில் பெரிய பை. காலில் தடித்த பூட்ஸ். கையில் தண்ணீர் பாட்டில்.

கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் அல்ல. கோவிலுக்குப் போகிற கூட்டமும் அல்ல. மலை ஏறப் போகிற கூட்டம்!

இதில் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் உண்டு. பாங்கி கிளார்க் உண்டு. காலேஜ் மாணவிகள் உண்டு. அப்பாவின் மளிகைக் கடைக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்த பையனும் உண்டு. சனி, ஞாயிறு மலையில். திங்கட்கிழமை காலை மறுபடி வேலை.

தேனி மாவட்ட மலைகளுக்குப் போவது இப்போது இன்னும் சுலபம். 2023 ஜூன் மாதம் சென்னை சென்டிரலில் இருந்து போடிநாயக்கனூருக்கு நேரடி ரெயில் விட்டார்கள். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மலை அடிவாரம்.

இந்தக் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று இருக்கிறது.

"காடு நம்ம காடு. மலை நம்ம மலை. நடந்து போறதுக்கு எதுக்குய்யா காசு? எதுக்கு கூட ஒரு ஆளு?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதில் தெரிய வேண்டுமானால் 2018-ம் ஆண்டு மார்ச் மாதத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

போடிநாயக்கனூருக்கு மேலே இருப்பது குரங்கணி. அங்கிருந்து மலைப்பாதை ஏறுகிறது. ஒரு பக்கம் டாப் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் கொழுக்குமலை தேயிலைத் தோட்டம்.

2018 மார்ச் 10-ந் தேதி, சனிக்கிழமை. சென்னையில் இருந்து போன ஒரு கோஷ்டி மேலே ஏறியது. அதில் பெரும்பாலோர் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடு செய்த மலையேற்றம் அது. ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து இன்னொரு கோஷ்டியும் வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து 35 பேருக்கும் மேல்.

மறுநாள் மத்தியானம் இறங்கி வரும்போது தீ சூழ்ந்துகொண்டது.

மார்ச் மாத வெயில். சரிவு முழுவதும் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். காற்று வேறு. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

முதலில் உதவிக்கு ஓடிவந்தவர்கள் ஊர் ஜனங்களும், தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையிலும் கம்பிலும் தொட்டில் கட்டி, காயம்பட்டவர்களை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மலையிலேயே கருகிக் கிடந்தது 9 உடல்கள். அதற்குப் பிறகு மதுரை ஆஸ்பத்திரியிலும் மற்ற இடங்களிலும் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் கணக்கு 23.

விசாரணை நடந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா அறிக்கை கொடுத்தார். டாப் ஸ்டேஷன் பாதைக்குச் சீட்டு வாங்கிவிட்டு கொழுக்குமலைப் பாதையில் போனார்கள் என்று வன இலாகா தரப்பில் அப்போதே சொன்னார்கள். அந்தப் பருவத்தில் அத்தனை பேரை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று ஊர் திருப்பிக் கேட்டது.

யார் பக்கம் தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அன்றைக்கு மூன்று விஷயம் இல்லாமல் போனது. எந்தப் பருவத்தில் காட்டைப் பூட்ட வேண்டும் என்ற கண்டிப்பு இல்லை. தீ வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று வழி நடத்தும் ஆள் இல்லை. எந்தப் பாதையில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்ற சரியான கணக்கு இல்லை.

பருவம், வழிகாட்டி, கணக்கு. இந்த மூன்றுக்கும்தான் இன்றைக்கு டிக்கெட்!

சட்டம் என்ன சொல்லுகிறது?

"காடு நம்ம காடு" என்று சொல்லும்போது ஒரு விஷயம் மறந்துபோகிறது. எல்லா காடும் ஒரே மாதிரி காடு அல்ல.

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி சரணாலயம் என்று ஒன்று உண்டு. தேசிய பூங்கா என்று ஒன்று உண்டு. இரண்டிலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியாள் நுழையக்கூடாது. சரணாலயத்தில் ஆடு மாடு மேய்க்க அதிகாரி நினைத்தால் விடலாம். தேசிய பூங்காவில் அதுவும் கிடையாது. சட்டத்தில் ஆக உச்சமான பாதுகாப்பு தேசிய பூங்காவுக்குத்தான்.

தமிழ்நாட்டில் தேசிய பூங்காக்கள் ஐந்து. முதுமலை, ஆனைமலை, முக்குர்த்தி, மன்னார் வளைகுடா. ஐந்தாவது எங்கே? சென்னைக்காரர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறார்கள். கிண்டி!

கவர்னர் மாளிகையை ஒட்டி சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1978-ல் தேசிய பூங்கா ஆனது. புள்ளிமானும் வெளிமானும் ஓடுகிற காடு. சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்துக் குழந்தையைக் கூட்டிப் போகலாம். ஆனால் உள்காட்டில் நினைத்தபடி நடக்க முடியாது. ஊருக்கு நடுவில் இருக்கிற பூங்காவுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், மலை உச்சியில் இருப்பதற்குக் கேட்க வேண்டியதில்லை.

குரங்கணிக்குப் பிறகு அதே 2018-ம் ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. தடங்களைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். கூட்டிப் போகும் அமைப்புகள் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள்.

40 தடங்கள்

அதற்குப் பிறகு ஆறு ஆண்டு ஓடியது. 2024 அக்டோபர் 24-ந் தேதி, அப்போது துணை முதல்-அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் "டிரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 14 மாவட்டங்களில் 40 மலைத்தடங்கள். நடத்துவது வன இலாகாவும், அதன்கீழ் உள்ள கழகமும். இன்டர்நெட்டில் முன்பதிவு. கூட வருவது அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். பலர் பழங்குடியினர்.

பட்டியலில் எல்லா ரகமும் இருந்தது.

சென்னைக்குப் பக்கத்தில் வேண்டுமா? திருவள்ளூர் மாவட்டம் பூண்டி அருகே குடியம் குகைகள். ஆதிமனிதன் ஒதுங்கிய பாறைக்குகைகள் இவை. 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்கார புவியியல் நிபுணர் பல்லாவரத்தில் ஒரு கல் கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதிமனிதனின் கல்லாயுதம் பற்றிய ஆராய்ச்சியே அதில்தான் ஆரம்பித்தது. அதே ஆண்டு பூண்டி பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். பல்லாவரம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வரை ஒரு தடம். ரோடு போடுவதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதை அந்தப் பக்கம்தான். தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் தலைச்சுமையோடு நடந்தே ஏறி இறங்கிய ஊர் வெள்ளகவி.

குரங்கணியும் பட்டியலில் சேர்ந்தது. குரங்கணியில் இருந்து சாம்பலாறு வரை. அதே மலை. ஆனால் இந்தத் தடவை கூட ஆள் உண்டு, கணக்கு உண்டு.

கடினமான தடம் வேண்டுகிறவர்களுக்கு நீலகிரி. பார்சன்ஸ் வேலியில் இருந்து முக்குர்த்தி குடில் வரை. தேசிய பூங்காவின் வாசலில் நடக்கிற நடை. கட்டுப்பாடு ஏன் என்பதை இந்த ஒரு தடமே காட்டிவிடும்.

முக்குர்த்தியில் என்ன இருக்கிறது?

முக்குர்த்தி தேசிய பூங்கா 78 சதுர கிலோமீட்டர் சொச்சம். கிண்டியைப் போல கிட்டத்தட்ட 29 மடங்கு. முதலில் சரணாலயம், 1990-ல் தேசிய பூங்கா. அந்தப் பக்கம் இறங்கினால் கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கு. 2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது அந்தப் பட்டியலில் முக்குர்த்தியும் இடம்பெற்றது.

முக்குர்த்தி சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். தூரத்தில் இருந்து பார்த்தால் அறுபட்ட மூக்கு மாதிரி தெரியும். அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். தோடர்களுக்கு அது வெறும் பாறை அல்ல. செத்தவர்களின் ஆவி அந்தச் சிகரம் வழியாகத்தான் மேலுலகம் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

இங்கே காடு என்றால் அடர்ந்த மரக்காடு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பகுதி புல்வெளி. மடிப்பு மடிப்பாகப் பள்ளங்களில் மட்டும் சோலை.

"வெறும் புல்லுதானே, இதுக்கா இத்தனை கெடுபிடி?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

அந்தப் புல்தான் தண்ணீர்த் தொட்டி. மழைக்காலத்தில் பெய்வதைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு, வெயில்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 2019 ஆகஸ்டு மாதம் பக்கத்தில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சென்னையில் ஒரு நாளில் 30 சென்டிமீட்டர் பெய்தாலே ஊர் மிதக்கிறது. நீலகிரியில் பெய்யும் தண்ணீர்தான் பைக்காராவாக, குந்தாவாக அணைகளில் நின்று மின்சாரம் ஆகிறது. பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது 1932-ல். மின்சாரம் போக மிச்சம் பவானியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. ஈரோட்டு வயலுக்கும் அந்தப் புல்லுக்கும் சம்பந்தம் உண்டு.

அந்தப் புல்லை மேய்கிற ஆடு, நீலகிரி வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாட்டில் "வருடை" என்று வருவது இதுதான் என்பார்கள் அறிஞர்கள். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. தமிழ்நாடு, கேரளா மலைகளில் மட்டும்தான். 1975-ல் இதைக் கணக்கெடுத்து ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதார் நினைவாக அக்டோபர் 7-ந் தேதியை வரையாடு தினம் என்று தமிழக அரசு அறிவித்தது. 2024-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். 2025 கணக்கில் 1,303.

தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பதே அவ்வளவுதான். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டால் உட்காருகிற கூட்டம்.

இந்த ஆடு குட்டி போடுவது தை, மாசி மாதங்களை ஒட்டி. அந்தச் சமயத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் மிரண்டு ஓடும். குட்டி தனியாகும். கேரளாவில் இரவிகுளம் தேசிய பூங்காவை இதற்காகவே ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் பூட்டிவிடுகிறார்கள். மூணாருக்கு டூரிஸ்ட் எத்தனை ஆயிரம் வந்தாலும் சரி, கதவு திறக்காது.

பூட்டு போடும் காலம்

தமிழ்நாட்டில் தடங்களைப் பூட்டுவது தீக்குப் பயந்து. 2025-ல் பிப்ரவரி 15-ந் தேதியில் இருந்து ஏப்ரல் 15-ந் தேதி வரை தடங்களை மூடினார்கள். காய்ந்த காலம் அது.

நினைத்துப் பார்க்க வேண்டும். குரங்கணி தீ பிடித்தது மார்ச் 11. அந்த இரண்டு மாதத்துக்கு உள்ளேதான்! 2018-ல் இந்தப் பூட்டு இருந்திருந்தால் அந்த 23 பேரும் அன்றைக்கு மலையிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

சமவெளியில் இருக்கிறவர்களுக்குத் தீயின் குணம் தெரியாது. சரிவில் தீ கீழே இருந்து மேலே ஏறும்போது வேகம் எடுக்கும். மேலே இருக்கிற புல்லைத் தன் சூட்டாலேயே முன்கூட்டிக் காயவைத்துக்கொண்டே வரும். மனிதன் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவான். தீக்கு மூச்சு வாங்காது. ஓடிப் பிழைக்கலாம் என்பது அங்கே நடக்காது. எங்கே பாறை இருக்கிறது, எங்கே ஓடை இருக்கிறது, எந்த இடத்தில் புல் ஏற்கெனவே எரிந்து முடிந்திருக்கிறது என்று தெரிந்தவன்தான் தப்பிக்க வழி சொல்ல முடியும். அது அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும்.

திருட்டுச் சாமான் எடுத்தவர்கள் காவல்காரர் ஆன கதை

ஊர்க்காரனை வழிகாட்டி ஆக்குவது புது யோசனை அல்ல. குரங்கணி இருக்கும் அதே தேனி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் குமுளி. அங்கே பெரியாறு புலிகள் காப்பகம்.

ஒருகாலத்தில் அந்தக் காட்டில் புகுந்து வயணப்பட்டையை உரித்து விற்று வந்தார்கள் ஒரு கூட்டத்தார். பிடிபட்டால் கேசு, கோர்ட்டு, ஜெயில். வெளியே வந்தால் மறுபடி காடு. 1990-களின் கடைசியில் கேரள வன இலாகா வேறு மாதிரி யோசித்தது. அவர்களையே ஒரு குழுவாக்கி, டூரிஸ்டுகளை நடத்திக் கூட்டிப்போகும் வேலையைக் கொடுத்தது. காட்டின் ஒவ்வொரு சந்தும் அவர்களுக்கு அத்துப்படி. யானை எங்கே படுக்கும், திருட்டுக் கும்பல் எந்த வழியில் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்களுக்கு வருமானம். காட்டுக்குக் காவல். டூரிஸ்டுக்குப் பத்திரம். ஒரே டிக்கெட்டில் மூன்று வேலை!

"கூட எதுக்கு ஒரு ஆளு?" என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் இல்லை.

ஆனால் விலை?

இதுவரை சொன்னது அரசுத் தரப்பு நியாயம். ஜனங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

டிரெக் தமிழ்நாடு தொடங்கியபோது சுலபமான தடத்துக்கே சில நூறு ரூபாய். கடினமான தடத்துக்கு ஒருவருக்கு 5 ஆயிரத்தை ஒட்டி. நாலு நண்பர்கள் சேர்ந்து கிளம்பினால் கட்டணம் மட்டும் 20 ஆயிரம். பஸ் செலவு, சாப்பாடு, லாட்ஜ் தனி.

"மலை ஏறுவது பணக்காரர் விளையாட்டா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். கூச்சல் பலமாகவே இருந்தது. அடுத்த மாதமே அரசு கட்டணத்தைக் குறைத்தது. குறைத்தது நல்லது. ஆனால் குறைத்ததற்குக் காரணம் கூச்சல் மட்டுமாக இருந்தால், விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

ஏனென்றால் இங்கே கட்டணம் வெறும் வரவு செலவு விஷயம் அல்ல. உயிர் விஷயம்.

சினிமா டிக்கெட் விலை ஏறினால் ஜனங்கள் சினிமாவுக்குப் போவதை நிறுத்துவார்கள். மலை டிக்கெட் விலை ஏறினால் மலைக்குப் போவதை நிறுத்துவார்களா? மாட்டார்கள். செக்போஸ்ட் இல்லாத பக்கமாக ஏறுவார்கள். பாதை காட்டுவதற்கு யாரோ எடுத்துப் போட்ட வீடியோ செல்போனில் இருக்கிறது. வழிகாட்டி இல்லை, கணக்கு இல்லை, மேலே போனது யாருக்கும் தெரியாது. அதாவது பழைய குரங்கணி மறுபடியும் வாசலில் வந்து நிற்கும்.

சென்னைப் பையன்களுக்கு இந்தக் கள்ளவழி புதிது அல்ல. ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலை, தடா அருவி என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பிப்போய், தெரியாத மடுவில் குதித்து மூழ்கிய பையன்களின் செய்தியை மாலைப் பேப்பர்கள் எத்தனையோ தடவை போட்டாகிவிட்டது. மடு மேலே அமைதியாக இருக்கும். அடியில் பாறை இடுக்கு காலைப் பிடிக்கும். உள்ளூர் மாடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும், எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்று. கேட்க ஆள் இல்லாதபோதுதான் சாவு.

ஆகவே கட்டணம் ஒரு கிளார்க்கின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாக இருப்பது தர்மக்காரியம் அல்ல. பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு பகுதி. மலிவான நேர்வழி இருந்தால் கள்ளவழிக்கு ஆள் வராது. இது கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கிற எந்த வியாபாரிக்கும் தெரிந்த கணக்கு.

சாமி மலைக்கு ஒரு நியாயம்

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோவை மாவட்டத்தில் வெள்ளியங்கிரி. ஏழு மலை ஏறி ஈசனைத் தரிசிக்க பிப்ரவரியில் இருந்து மே வரை லட்சக்கணக்கில் பக்தர்கள் போகிறார்கள். அதுவும் யானை நடமாடும் காடுதான். அதுவும் செங்குத்துதான். காய்ந்த மாதங்கள் வேறு.

2024 சீசனில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் பலர் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறந்தார்கள். வியாதி இருக்கிறவர்கள் ஏற வேண்டாம் என்று வன இலாகா எச்சரித்துக்கொண்டே இருந்தது. பக்தி கேட்கவில்லை.

சாமிக்காக ஏறினாலும் சரி, சந்தோஷத்துக்காக ஏறினாலும் சரி, மலைக்கு வித்தியாசம் தெரியாது. நெஞ்சுக்கும் தெரியாது. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர் சனிக்கிழமை காலை எட்டாயிரம் அடி உயரத்தில் ஏறினால், உடம்பு அதற்குத் தயாரா என்று முதலில் பார்க்க வேண்டும். சுலபம், நடுத்தரம், கடினம் என்று தடத்தைப் பிரித்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது

கூட்டிப்போகிறேன் என்று வாட்ஸ்-அப்பில் விளம்பரம் செய்கிற எல்லோரும் அனுமதி வாங்கியவர்கள் அல்ல. பணம் கட்டுவதற்கு முன்பு நாலே கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று, எந்தத் தடத்துக்கு வன இலாகா அனுமதி? போகப்போவதும் அதே தடம்தானா? இரண்டு, கூட வரும் வழிகாட்டி அந்த மலைக்காரரா? மூன்று, எத்தனை பேர் போகிறோம், யார் யார் என்ற பட்டியல் செக்போஸ்டில் இருக்கிறதா? நாலு, தீக்காலமா, மழைக்காலமா?

நாலில் ஒன்றுக்குச் சரியான பதில் இல்லை என்றாலும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது நல்லது.

மலைக்குப் போனால் தீப்பெட்டி, சிகரெட் வேண்டாம். பிளாஸ்டிக் வேண்டாம். பளபளக்கிற சட்டை, சென்ட், ரேடியோ சத்தம் எதுவும் வேண்டாம். 2025 கணக்குப்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 3,170 யானைகள் இருக்கின்றன. பாதையில் அதற்குத்தான் முதல் உரிமை. மனிதன் ஒதுங்கி நிற்க வேண்டியவன். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மலையில் செல்போன் டவர் கிடைக்காது.

அரசு செய்ய வேண்டியது

ஜனங்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. காசு வாங்குகிறவர்களுக்கும் கடமை இருக்கிறது.

கட்டணத்தில் வழிகாட்டிக்குப் போவது எவ்வளவு என்பதை டிக்கெட்டிலேயே அச்சடிக்கலாம். "நம்ம காசு இந்த மலைக்காரன் வீட்டு அடுப்பில் எரிகிறது" என்று தெரிந்தால் முணுமுணுப்பு பாதி குறையும். மாணவர்களுக்கும் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் மாதத்தில் சில நாள் சலுகைக் கட்டணம் வைக்கலாம். தடம் மூடும் தேதியை முன்கூட்டியே பஸ் நிலையத்திலும் ரெயில் நிலையத்திலும் தமிழில் எழுதிப்போடலாம். இன்டர்நெட் பார்க்காதவர்களும் மலை ஏறுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு செக்போஸ்டிலும் மாலையில் தலை எண்ண வேண்டும்.

கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணாமல் கடையைப் பூட்டுவதில்லை. கண்டக்டர் டிக்கெட்டை ஒத்துப்பார்க்காமல் டிப்போவை விட்டுக் கிளம்புவதில்லை. ஒரு ரூபாய் குறைந்தாலும் தேடுகிறார்கள். மலையில் மட்டும் காலையில் போன ஆட்களும் மாலையில் வந்த ஆட்களும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்காமல் விட்டால் எப்படி?

குரங்கணியில் அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் வரை, மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கீழே போடியில் ஒரு எண்ணிக்கை, மலைமேல் ஒரு எண்ணிக்கை. சென்னையில் பெற்றவர்கள் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் காத்திருந்தார்கள்.

மேலே போனவர் எத்தனை? கீழே வந்தவர் எத்தனை?

இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதற்குத்தான் டிக்கெட். அதற்கு மேல் வாங்கினால் ஜனங்கள் கேட்கலாம். அதற்காக வாங்கினால் கொடுக்கலாம்.